தண்டவாளத்திற்குத் தற்காலிகத் தாங்கல்: வேகம் மட்டும் போதுமா?

மட்டாஞ்சேரிக்குள் ரயில் வருவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும் தமிழர்கள் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, வெலிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் ஜங்ஷனுக்குச் சென்றுதான் வண்டி ஏற வேண்டியிருக்கிறது. காரைக்கால் எக்ஸ்பிரசானாலும், செங்கோட்டை வழியாகச் செல்லும் வேளாங்கண்ணி எக்ஸ்பிரசானாலும், வழியில் எங்காவது ஓரிடத்தில் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து செல்வதைப் பயணிகள் கண்டிருப்பார்கள். பாதையோரத்தில் கொடியுடன் ஒருவர் நிற்பார். பள்ளத்தில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சிலர் ஒதுங்கி நின்று வண்டியைப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் "இன்றைக்கும் லேட்தான்" என்ற முணுமுணுப்பு எழும்.

அந்தத் தாமதம் பல சமயங்களில் உயிர் காக்கும் தாமதமாகும். அவ்விடத்தில் தண்டவாளம் இயற்கையான கரைமண்ணின் மீது இல்லாமல் தற்காலிகத் தாங்கலின் மீது நிற்கக்கூடும்.

எப்படி நிற்கிறது?

சுரங்கப் பாதை தோண்டவும், பாலத்தின் தூணைப் பழுது பார்க்கவும், மழையில் அரித்துப்போன கரையை மீண்டும் கட்டவும் தண்டவாளத்திற்கு அடியிலுள்ள மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. அதற்காக மாதக்கணக்கில் வண்டிகளை நிறுத்தி வைக்க முடியாது. எனவே சில மணி நேரம் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, சிலீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தூண்போல் எழுப்புகிறார்கள். அதன்மேல் பழைய தண்டவாளங்களைக் கட்டாகக் கட்டியோ, இரும்புக் கர்டரை வைத்தோ பாதையைத் தாங்க விடுகிறார்கள். அடியில் வேலை நடக்கும்போதே மேலே வண்டி செல்கிறது.

மின்சார எஞ்சின் ஒன்றின் எடை மட்டுமே 110 டன்னுக்கு மேல். ஒவ்வொரு வண்டி கடந்தபின்னும் கட்டைகள் சிறிது அமுங்கும், ஆப்புகள் தளரும், போல்ட்டுகள் இளகும். ஆகவே தாங்கலை நிறுவுவதோடு வேலை முடிவதில்லை. இரவு பகலாகக் காவலிருந்து தளர்ந்ததை இறுக்கி, அமுங்கியதை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நடை வேகத்தில் செல்லும்படி டிரைவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை உத்தரவு தரப்படுவதும் இதனால்தான்.

நாடெங்கும் அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியுடன் ஒழிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குப் பதிலாகச் சுரங்கப் பாதைகள் வந்தன. இத்தகைய வேலை இன்று அபூர்வமானதல்ல என்பதற்கு இதுவே சான்று.

சரித்திரம் கற்பித்த பாடம்

பாதைக்கு அடியில் மண் இல்லாமற் போவதை எவரும் அறியாவிட்டால் என்ன நேரும் என்பதை 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் காட்டியது. மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

உரிய நேரத்தில் அறிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் தமிழ்நாடே உதாரணம். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் ஜல்லியும் கரையும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. சுமார் 800 பயணிகள் பசியும் அவதியும் அனுபவித்தார்கள் என்றாலும் உயிர் தப்பினார்கள். வண்டியை நிறுத்தியதே அவர்களைக் காத்தது.

இங்கிலாந்தின் டாலிஷ் நகரிலும் 2014 பிப்ரவரியில் கடலலை மோதிச் சுவர் இடிந்து, தண்டவாளம் இதேபோல் தொங்கியது. கப்பலில் சரக்கு ஏற்றும் கண்டெய்னர்களில் கல் நிரப்பித் தற்காலிக அரணாக வைத்து வேலை செய்தார்கள். இரண்டு மாதத்தில் வண்டி ஓடியது.

வேகத்திற்குப் பேர்போனது பாம்பன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அப்பாலத்தைச் சீரமைக்க முதலில் ஆறு மாதம் கெடு வைக்கப்பட்டது. பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. இளம் எஞ்சினீயரான ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் கொச்சி கப்பல் தளத்தின் தலைவராக இருந்து, கொச்சி மெட்ரோ பணியையும் நடத்திக் கொடுத்தவர் அவரே.

கொச்சிக்கு உள்ள தொடர்பு

வெலிங்டன் தீவு காயலிலிருந்து வாரிய மண்ணால் உருவானது. கொச்சித் துறைமுக ரயில் நிலையம் அத்தீவில்தான் இருக்கிறது. பெங்களூரிலிருந்து அங்கு வந்த வண்டிக்கு 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வந்ததும் இத்தீவினால்தான். பிற்காலத்தில் கன்னியாகுமரி வரை நீட்டிக்கப்பட்ட அதே வண்டி 1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் மாண்டனர். சூறைக்காற்றே காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. பாலத்தருகே நடந்த பாதை வேலையே காரணம் என்று பொதுமக்களில் பலர் நம்பினார்கள். சந்தேகம் இன்றளவும் தீரவில்லை. பாதையில் வேலை நடக்கும் இடங்களில் செய்ததையும் செய்யாததையும் உடனுக்குடன் எழுதி வைப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

துறைமுகப் பாதையில் முறையான பயணிகள் வண்டிகள் நின்று நீண்ட காலமாகிறது. 2018-ல் மீண்டும் விடப்பட்ட டெமு வண்டியும் சில நாளில் நின்றது. இப்பாதைக்கு மீண்டும் உயிர் கொடுப்பதானால் இளகிய மண்ணும், உப்புக் காற்றும், இடவப்பாதி மழையும் சேர்ந்த இவ்விடத்தில் தாங்கல் வேலைக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. பாதையை ஒட்டியுள்ள வாத்துருத்தியில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

கீழே நிற்பவர் கதி

பயணியின் பாதுகாப்பு ஒரு பாதி; பாதையில் நின்று வேலை செய்பவரின் பாதுகாப்பு மறுபாதி. 2024 நவம்பர் 2 அன்று ஷொர்ணூர் அருகே பாரதப்புழைப் பாலத்தில் குப்பை அகற்றிக் கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி உயிரிழந்தார்கள். நால்வரும் தமிழர்கள், இருவர் பெண்கள். தப்பி ஒதுங்கப் பாலத்தின் மீது இடம் ஏது?

விதிகள் இல்லாமலில்லை. பாதை தடைப்படும் வேலைகளில், அகலப் பாதையாயின் 600 மீட்டர் தூரத்தில் குறுக்குக் கொடி கட்ட வேண்டும்; 1,200 மீட்டர் தூரத்தில் வண்டிச் சக்கரம் ஏறினால் வெடிக்கும் மூன்று வெடிகளை வைக்க வேண்டும். வண்டி வருவதை ஊதி அறிவிக்கக் காவலாளும் வேண்டும். நிரந்தரச் சிப்பந்தியான கேங்மேனுக்கு இவையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தரப்படுகின்றன. காண்ட்ராக்டர் நேற்று அழைத்து வந்த கூலியாளுக்கு யார் சொல்வது? எந்த மொழியில் சொல்வது?

இதில் ரயில்வே இலாகாவும் காண்ட்ராக்டரும் ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைத் தள்ளிவிட முடியாது. வேலை தொடங்குமுன் வண்டி வரும் நேரத்தையும் ஒதுங்க வேண்டிய இடத்தையும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கூற வேண்டும். காவலாள் இல்லாமல் எவரையும் பாலத்தில் ஏற்றக் கூடாது. ஒவ்வொருவர் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு பெறும் உரிமை 1923 முதலே சட்டத்தில் உண்டு. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவரின் குடும்பம் அந்த உரிமையை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். தொழிலாளர்களும் காண்ட்ராக்டரின் பெயர், வேலை செய்யும் இடம், கூலி பெற்ற தேதி ஆகியவற்றைக் குறித்து, ஒரு நகலை ஊரிலுள்ள வீட்டாரிடம் தந்து வைப்பது நல்லது.

பாம்பனின் 46 நாள் பெருமைக்குரியதே. ஆனால் எத்தனை நாளில் முடிந்தது என்று கேட்பவர்கள், எத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். தண்டவாளத்திற்குக் கட்டையும் கர்டரும் தாங்கல். அந்தக் கட்டையை அடுக்கும் கைகளுக்குத் தாங்கலாக இருக்க வேண்டியது விதியும் அதை நிறைவேற்றும் அதிகாரிகளுமே.