பத்து கிலோமீட்டருக்கு எத்தனை செல்?

"அண்ணே, ஆபீசுக்குப் போக வர பத்து கிலோமீட்டர்தான். ரெண்டு வரிசை செல் போதும்ல?"

போன வாரம் ஒரு தம்பி போன்ல கேட்டது இது. சைக்கிளுக்கு மோட்டார் மாட்டி, பேட்டரியை வீட்டுலயே கட்டுறேன்னு கிளம்புற எல்லாரும் கிலோமீட்டர்லதான் ஆரம்பிக்கிறாங்க. கோளாறே அங்கதான் ஆரம்பிக்குது. இன்னிக்கு இதக் கொஞ்சம் காட்டமாவே சொல்லப்போறேன். கோச்சுக்காதீங்க மக்களே.

தம்பி போட்ட கணக்கு இதுதான். பெடலும் மிதிச்சுக்கிட்டு ஓட்டினா கிலோமீட்டருக்கு சுமாரா 12 வாட்-அவர் ஆகும். பத்து கிலோமீட்டருக்கு 120. 36 வோல்ட் வேணும்னா 3.6 வோல்ட் செல் பத்து, சீரிஸ்ல. அந்த மாதிரி ரெண்டு வரிசை பேரலல்ல. அதாவது 10எஸ் 2பி, மொத்தம் 20 செல். பழைய லேப்டாப்ல இருந்து உருவின 2200 எம்ஏஹெச் செல்லுன்னா 158 வாட்-அவர் வருது. தேவை 120, இருக்கறது 158. சுபம்.

கணக்குல தப்பே இல்ல. ஆனா அந்த பேக் உருப்படியா ஓடாது. ஓடிட்டா இன்னும் ஆபத்து.

ஏன்னா தம்பியோட கன்ட்ரோலர் 15 ஆம்பியர். "250 வாட் மோட்டார்தானேண்ணே, 36ஆல வகுத்தா ஏழு ஆம்பியர்தானே"ன்னான். ஐயா சாமி, அந்த 250 மோட்டார் தொடர்ந்து தாங்குற அளவு. மேம்பாலம் ஏறும்போது கன்ட்ரோலர் மோட்டார் மேல ஒட்டின ஸ்டிக்கரைப் படிச்சுப் பாத்துட்டா இழுக்கும்? தன்னோட வரம்பு வரைக்கும், 15 ஆம்பியரும் இழுக்கும். அது 540 வாட். ரெண்டு வரிசைன்னா செல் ஒண்ணுக்கு 7.5 ஆம்பியர். அந்த மாதிரி லேப்டாப் செல் புதுசா இருந்தப்பவே தொடர்ந்து குடுக்கக்கூடியது சுமாரா 4 ஆம்பியர் சொச்சம். அஞ்சு வருசம் உழைச்சு ஓய்ஞ்ச செல்லுகிட்டப் போய் அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேக்குறோம்.

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதுன்னு நினைக்காதீங்க. பட்டுத் தெரிஞ்சது. என்னோட மொத பேக் 10எஸ் 4பி. அதே பழைய லேப்டாப் செல்லுதான். கிலோமீட்டர் கணக்குப்படி 26 வரும். கன்ட்ரோலரும் அதே 15 ஆம்பியர், செல்லுக்கு 3.75. "நாலுக்குள்ளதானே இருக்கு"ன்னு எனக்குப் பெருமை வேற. பழைய செல்லுல உள்தடை ஏறியிருக்கும்கறத யோசிக்கவே இல்ல. 100 மில்லி ஓம்னு வச்சாலும் ஏத்தத்துல ஒவ்வொரு செல்லும் 1.4 வாட் சூடா வெளிய விடும். 40 செல்லுக்கு 56 வாட். பழைய குண்டு பல்பு ஒண்ண ஃபோம் சுத்தி பைக்குள்ள வச்சு எரியவிட்ட மாதிரி.

அதே தடையால ஏத்தத்துல வோல்டேஜும் நாலு வோல்ட் கிட்ட இறங்கும். சார்ஜ் பாதி இருக்கும்போதே பிஎம்எஸ் போர்டு கட் பண்ணிடும். வண்டி நடுப்பாலத்துல நிக்கும், பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிப்பார். நான் என்ன பண்ணேன் தெரியுமா? டிஸ்சார்ஜ் பக்கம் பிஎம்எஸ்ஸ பைபாஸ் பண்ணிட்டேன். கத்துற காவல்காரன் வாயில துணிய அடைச்ச கதை.

நாலாவது நாள் பிளாஸ்டிக் கருகுற வாசனை. ஓரம் கட்டிப் பிரிச்சுப் பாத்தா ஒரு குரூப் மட்டும் கை வைக்க முடியாத சூடு, மேல இருந்த உறை பழுப்பாயிருக்கு. ரோட்டுல நடந்ததால பொழைச்சேன். தினமும் ராத்திரி அத ஹால்லதான் சார்ஜ் போட்டு வச்சிருந்தேன், என் பொண்ணு படுக்கற இடத்துலேர்ந்து நாலடி தள்ளி. 2022 மார்ச்சுல வேலூர்ல, வீட்டுல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடிச்சு ஒரு அப்பாவும் மகளும் போனாங்களே, அது கடையில வாங்கின வண்டி. அந்த வருசம் வரிசையா நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் கம்பெனி பேட்டரிகளுக்கு விதிகள இறுக்கினாங்க. நாம வீட்டுல கட்டுற பேக்கை யார் சோதிக்கிறா? நாமளேதான்.

உடனே வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"30 ஆம்பியர் பிஎம்எஸ் போட்டிருக்கேன்." அது போர்டு தாங்குற அளவு, செல் தாங்குற அளவு இல்ல. அதுவும் பத்து குரூப்போட வோல்டேஜத்தான் பாக்கும். குரூப்புக்குள்ள எந்த செல் நொந்து கிடக்குன்னு அதுக்குத் தெரியாது.

"9900 எம்ஏஹெச் செல் சல்லிசா கிடைக்குது." 18650 சைஸ்ல நெசமான செல் எதுவும் அதுக்குக் கிட்டகூட வராது. அப்படிப் போட்டிருந்தா பொய். தராசுல வைங்க, நல்ல செல் 45 கிராம் பக்கத்துல நிக்கும். பொய் செல் பல சமயம் அதுலயே மாட்டிக்கும்.

"காசு இல்லாதவன் என்ன பண்றது?" இது நியாயமான கேள்வி. அதுக்கு முன்னாடி சரியான வரிசையச் சொல்லிடறேன்.

மொதல்ல கன்ட்ரோலர் ஆம்பியர். ரெண்டாவது, செல் தொடர்ந்து தாங்கும்னு தயாரிச்சவங்க சொன்னதுல பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு வகுக்கணும். நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு அந்தப் பாதி அவசியம். மூணாவதுதான் கிலோமீட்டர். ரெண்டுல எது பெருசா வருதோ அதுதான் பேக்.

தம்பிக்கு இப்படிப் போட்டா 2200 செல்லுல ஏழு வரிசை, 70 செல். அதுவும் புது செல். கேட்டது பத்து கிலோமீட்டர், ஓடறது நாப்பதுக்கு மேல. வேண்டாமா? 20 ஆம்பியர் தாங்குற 2500 எம்ஏஹெச் செல் எடுத்தா அதே ரெண்டு வரிசை போதும். சாம்சங் 25ஆர் அந்த வகைதான். விலை கூட, ஆனா இருபதே செல்.

அதுக்கும் காசு இல்லையா? ஆம்பியரக் குறைங்க. வரம்பு மாத்துற வசதியுள்ள கன்ட்ரோலர்ல ஏழுக்கு இறக்கிட்டா அந்த நல்ல செல்லுக்குப் பதிலா நாலு வரிசை சாதாரண புது செல்லே சமாளிக்கும். மேம்பாலத்துல மிதிக்கணும், அவ்வளவுதான். சைக்கிள்னு பேர் வச்சுட்டு மிதிக்க மாட்டேன்னா எப்படி?

சின்ன தூரத்துக்கு சின்ன பேக்குன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. பேக் சின்னதாக ஆக ஒவ்வொரு செல் தலையிலயும் சுமை கூடுது. தூரம் குறைஞ்சா சார்ஜ் தீர்ந்து போறதோட சரி, இறங்கித் தள்ளிக்கலாம். ஆம்பியர் தாங்காட்டி தள்ள வண்டி இருக்காது.

தம்பி கடைசியா, "அப்ப அந்த லேப்டாப் செல்லையெல்லாம் என்னண்ணே பண்றது?"ன்னான். டார்ச் லைட் பண்ணிக்கோடா :-)

பி.கு: பிஎம்எஸ்ஸ பைபாஸ் பண்ணி ஓட்டுறவங்க யாராவது இதப் படிச்சா, திட்டறத அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல போய் அந்த வயரப் பிடுங்குங்க.