கோயமுத்தூர் ராப்

தமிழ்ப் பாப் இசைக்கு சென்னை ஸ்டுடியோதான் வாசல் என்ற எண்ணத்தைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் 2011-இல் உடைத்தார். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியபோது, அவர் பின்னால் எந்த நட்சத்திரமும் இல்லை. அடுத்த ஆண்டு 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. தமிழ் ராப்பின் பிதாமகன் என்று சிலர் அவரைத் தூக்கிப் பிடிப்பது கொஞ்சம் அதிகம். மலேசியாவில் யோகி பி 2006-லேயே 'வல்லவன்' ஆல்பத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் இங்கே கல்லூரி விடுதிகள் வரை ராப்பைக் கொண்டுவந்தவர் ஆதிதான். பெண்கள் குடிப்பதைக் கண்டித்த 'கிளப்புல மப்புல' பாட்டின் உபதேசம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அதைவிட 'டக்கரு டக்கரு' எவ்வளவோ மேல். காங்கயம் காளைகள் வளரும் மண்ணிலிருந்து வந்தவர் ஜல்லிக்கட்டைப் பாடும்போது குரலில் பாசாங்கு இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டக் களங்களில் அந்தப் பாட்டு ஒலித்ததில் வியப்புமில்லை. 2015-இல் 'ஆம்பள', அதே ஆண்டில் 'தனி ஒருவன்' என்று தன் இசைக் கூட்டாளி ஜீவாவோடு சேர்ந்து சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். 2017-இல் 'மீசைய முறுக்கு' மூலம் இயக்குநராகவும் நாயகனாகவும் ஆகிவிட்டார். சினிமா அவருக்குப் புகழ் கொடுத்தது, சரி. ஆனால் சூழ்நிலைக்குப் பாட்டுப் போடுகிற வேலையில் அந்தப் பழைய குறும்பும் கோபமும் மழுங்கிவிட்டன. 2020-இல் 'நா ஒரு ஏலியன்' என்று தனி ஆல்பத்துக்குத் திரும்பினார், நல்ல காரியம். ஆதி தம்பி, இரண்டு படங்களைத் தள்ளிவையுங்கள். நம் ஊர்ப் பேச்சிலேயே இன்னொரு ஆல்பம் போடுங்கள்.