தாலிக்கு முன் மறைக்கப்படும் குளிசை

வலிப்பு நோயுள்ள பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது நம்மவர்கள் முதலில் மறைப்பது நோயை. அடுத்து மறைப்பது குளிசையை. புகுந்த வீட்டில் கேள்வி எழுமே என்ற அச்சத்தில் மருந்து ஒரே நாளில் நிறுத்தப்படுகிறது. இதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை என்பேன். திடீரென விட்ட மருந்து, வலிப்பை முன்னிலும் கடுமையாகத் திருப்பிக் கொண்டுவரலாம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓயாது நீடிக்கும் வலிப்பு உயிரையும் பறிக்கலாம்.

குளிசைகள் தீங்கற்றவை என்று நான் வாதாடவில்லை. பெனிற்றோயின் முரசை வீங்கச் செய்யும். சோடியம் வல்புரோயேற் உடல் எடையைக் கூட்டும், முடியை உதிர்க்கும். கர்ப்பிணி அதனை உட்கொண்டால், பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கிறது. 2018 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது இதனாலேயே.

லமோட்ரிஜின் போன்ற, ஆபத்துக் குறைந்த மாற்று மருந்துகள் உண்டு. ஆனால், வைத்தியரின் கண்காணிப்பில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பழையதைச் சிறிது சிறிதாகக் குறைக்க வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். கருத்தரிக்க முன்னரே அது நிறைவேற வேண்டும். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் அந்த அவகாசம் ஏது?

பெற்றோரே, உண்மையைச் சொல்லியே சம்பந்தம் பேசுங்கள். ஒரு சம்பந்தம் போனால் இன்னொன்று வரும்; மகள் போனால் வரமாட்டாள்.