பூட்டைக் கழற்றிப் போடாதீர்கள்

பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகளில் மைஎஸ்க்யூஎல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை.

‘1045 ஆக்சஸ் டினைடு’ என்று வந்ததும் பலர் ரூட் பாஸ்வேர்டையே எடுத்துவிடுகிறார்கள். சிலர் ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ் போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் தவறு. நம்மூர்ப் பட்டுக்கடை கம்ப்யூட்டரில் இருப்பது நெசவாளியின் கூலியும் முன்பணமும். யாரும் நுழையலாம் என்றால் யாரும் திருத்தலாம். முன்பணத்தில் ஒரு பூஜ்யம் கூடினால், அது அவர் தலையில் கடன்.

முதலில் பிழைச் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். ‘யூசிங் பாஸ்வேர்டு: நோ’ என்றிருந்தால் பாஸ்வேர்டு போகவே இல்லை, கட்டளையில் ‘-பி’ விட்டுப்போயிருக்கலாம். ‘யெஸ்’ என்றால் பாஸ்வேர்டு போயிருக்கிறது. அதுவோ, பெயரோ, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறோம் என்பதோ பொருந்தவில்லை. உபுண்டுவில் புதிதாக நிறுவியிருந்தால் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வேலை செய்யாது. ‘சூடோ மைஎஸ்க்யூஎல்’ என்று திறக்க வேண்டும்.

திறந்ததும், கடைக் கணக்குக்குத் தனி யூசர் உருவாக்கி, தேவையான உரிமை மட்டும் கொடுங்கள். ரூட்டைத் தினசரி வேலைக்குத் தொடாதீர்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். பத்து நாள் தறியில் உட்கார்ந்தவர் கூலிக்காக அதைச் செய்யலாம்.