பூவோடு சேர்ந்த நார்

காப்பியின் ஏகாதிபத்தியத்துக்கு உட்பட்ட நம் வீடுகளில் தேநீர் சற்றுப் பிந்தியே பிரவேசித்தது. 1930-களில் தேயிலைப் பிரசாரகர்கள் ஊர் ஊராகச் சென்று, அதைத் தயாரிக்கும் விதத்தைச் செய்து காட்டி, இலவசமாகவும் ஊற்றிக் கொடுத்தார்கள். அதே சரக்கு இன்று புதுச்சேரியில் சித்திரப் பெட்டிகளில் அமர்ந்து, தங்கத்தை நிறுப்பதுபோல் நிறுத்து விற்கப்படுகிறது. ஏலம், ரோஜா, வெனிலா, பெர்கமாட் என்று அதற்கு வாசனைகளும் பல.

இவ்வூரில் இது வியப்பன்று. 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே ஆட்சியை ஒப்படைத்துச் சென்ற பிரஞ்சுக்காரர்கள் தேயிலைக்கு மணமூட்டுவதில் பிரியமுள்ளவர்கள். பாரிஸில் 1854-ல் தோன்றிய மாரியாஜ் பிரேர் என்னும் வர்த்தகசாலை இக்கலையில் பெயர் பெற்றது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: கொடுக்கும் பணம் இலைக்கா, வாசனைக்கா?

இதை அறிய, நகரத்துக் கடைகளில் நான்கு பொட்டலங்கள் வாங்கிப் பரீட்சித்தோம். தேயிலைப் பரிசோதகர்களின் முறை எளியது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை. ஆறு நிமிஷம் ஊற வேண்டும். பால் துவர்ப்பை அடக்கும். சர்க்கரை கசப்பை மறைக்கும். ஆகையால் இரண்டையும் விலக்கினோம். சுடச்சுட ஒரு மிடறும், நன்றாக ஆறிய பின் ஒரு மிடறும் அருந்தினோம். ஆவியோடு வாசனை பெரும்பாலும் போய்விடும். ஆறிய கோப்பையில் இலையின் குணம் ஒளியாமல் வெளிப்படும்.

பெர்கமாட் என்பது இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில் விளையும் எலுமிச்சை இனத்துப் பழம். அதன் தோலின் எண்ணெயை ஏற்றிய தேயிலையையே 'ஏர்ல் கிரே' என்பார்கள். நாரத்தை இலையைக் கசக்கினாற்போன்ற மணம். ஆறிய பிறகும் தெளிந்த செந்நிறமும் இதமான துவர்ப்பும் நின்றன. முதலிடம் இதற்கே.

ஏலத் தேயிலையில் இடித்த காய்களே கிடந்தன. மணம் நிதானமாக எழுந்து, நெடுநேரம் தங்கியது. பால் சேர்த்துப் பருகுவோருக்கு ஏற்றது, இரண்டாமிடம் தரலாம்.

ரோஜாத் தேயிலை கண்ணுக்கு விருந்து. வாயில் வைத்தாலோ, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தாற்போல் இருந்தது. தேநீர் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

நான்கிலும் விலை மிகுந்தது வெனிலா. சூட்டில் பிஸ்கோத்து மணம் கமழ்ந்தது; ஆறியதும் சாரமற்ற வெந்நீராயிற்று. பெட்டியின் மூலையில் செயற்கை மணம் சேர்க்கப்பட்டதென்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வாங்குமுன் அந்த மூலையைப் படிப்பது நலம்.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது பழமொழி. ஆயினும் பூவின் விலைக்கு நாரை வாங்குவது விவேகமாகாது. அதிலும் நம் மலையின் இலை நாரன்று. நீலகிரியின் உயரமும் குளிரும் அதற்கு இயற்கையாகவே மணம் ஊட்டுகின்றன; பனிக்காலத்தில் மெதுவாக வளரும் தளிர்க்குச் சிறப்பு அதிகம். அதைப் பறிப்போர் நம்மவர். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை அளிக்கவே 1968-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கே தோட்டங்கள் தொடங்கிற்று. அவர்களைத் தவிர, பச்சை இலையைத் தொழிற்சாலைகளுக்கு விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயிகளும் பல்லாயிரவர். சாரமற்ற இலையை வாசனை பூசி விற்க முடியுமானால், நல்ல இலைக்கு நல்ல விலை கொடுக்க வியாபாரி ஏன் முன்வர வேண்டும்?

இல்லத்தரசிகளுக்கு ஒரு யோசனை. முழு இலையாகச் சுருண்ட நல்ல நீலகிரித் தேயிலை 100 கிராம் வாங்குங்கள். ஐந்தாறு ஏலக்காயைத் தட்டிச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். கமலாத் தோல் இடுவதானால் ஈரம் சிறிதுமின்றி உலர்த்தியே இட வேண்டும். தேயிலை அண்டையிலுள்ள வாசனையை எளிதில் கிரகித்துக்கொள்ளும். அந்தக் குணத்தினாலேயே பெருங்காய டப்பாவின் பக்கத்தில் அதை வைக்கலாகாது என்பதையும் மறவாதீர்கள்!