இரவல் போன கார் திரும்பி வராதபோது



அயல் வீட்டுக்குச் சீனி, கலியாண வீட்டுக்குச் சட்டி பானை என்று கொடுத்தும் வாங்கியும் வளர்ந்தவர்கள் நாம். அற்பப் பொருளைக்கூடப் பிறருக்குக் கொடுக்க மறுப்போரை ஸூரா அல்மாஊன் கண்டிப்பதைச் சிறு வயதிலேயே ஓதிப் படித்திருக்கிறோம். ஆனால், இரவலாகப் போனது சட்டியல்ல, கார் என்றால்? சொன்ன நாள் போய் மாதங்கள் கடந்தும் அது வாசலுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வது?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் கட்டாரில் தொழில் பார்க்கிறார். கார் வீட்டில் நிற்கிறது. கணவரின் சாச்சா மகன் வந்து, "மதினி, ரெண்டு நாளைக்குத் தாங்க, அக்குறணையில ஒரு கலியாணம்" என்கிறார். இவளும் திறப்பைக் கொடுக்கிறாள். இரண்டு நாள் இரண்டு கிழமையாகிறது. "கராஜில கிடக்குது" என்கிறார். பிறகு "அடுத்த மாசம்" என்கிறார். அதற்குப் பிறகு போனுக்கே பதில் இல்லை. மாமியிடம் சொன்னால், "சொந்தத்துக்குள்ள இதப் பெருசாக்க வேணாம் புள்ள" என்று முடித்துவிடுகிறார்.

சகோதரிகளே, இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். தன் பொருளைத் திருப்பிக் கேட்பவள் உறவை முறிப்பவள் போலவும், கொடுக்காமல் வைத்திருப்பவர் பாவம் போலவும் ஆகிவிடுகிறது. உண்மை அதற்கு நேர் எதிரானது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரவல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன் பொருளைத் திருப்பிக் கேட்கலாம். அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் வாங்கியவரையே சாரும். உரியவரின் அனுமதியின்றி இன்னொருவருக்கு அதை இரவல் கொடுக்கவும் முடியாது. கேட்ட பிறகும் காரணமின்றித் தடுத்து வைத்தால், அது இரவல் என்ற நிலையை விட்டு அபகரிப்பு என்ற நிலைக்குப் போய்விடுகிறது. அதன் பின் ஓடிய நாட்களுக்கு வாடகைப் பொறுப்பும் வந்து சேரும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் யுத்தத்துக்கு முன், நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் போர்க் கவசங்களை இரவல் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. இது பறித்தெடுப்பதா என்று அவர் தயங்கினார். இல்லை, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவல் என்று நபியவர்கள் உறுதி சொன்னார்கள். பிறகு சில கவசங்கள் காணாமற்போனபோது அதற்கு ஈடு தரவும் முன்வந்தார்கள். மக்காவை வென்று நின்ற தலைவரிடமே "எப்படித் தருவீர்கள்?" என்று கேட்க உரிமை இருந்ததென்றால், நம் வீட்டுக் காரைப் பற்றிக் கேட்க நமக்கு ஏன் வெட்கம்?

சரி, இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலாவது, வாய்ப்பேச்சை நிறுத்தி எழுத்துக்கு வாருங்கள். போனில் எத்தனை முறை கெஞ்சினாலும் அதற்குச் சாட்சி இல்லை. என்றைக்கு, எத்தனை நாளைக்கு என்று சொல்லிக் கொடுத்தீர்கள், இனி எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதை மரியாதையான சொற்களில் வட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ அனுப்புங்கள். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். "தருகிறேன்" என்று அவர் பதில் எழுதினாலே, கார் உங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள்.

இரண்டாவது, கணவருக்கு அன்றே அறிவியுங்கள். "வெளிநாட்டில் இருப்பவரை ஏன் கவலைப்படுத்துவது" என்று மறைப்பதால் காலம்தான் வீணாகும். கார் கணவரின் பெயரில் பதிவாகியிருந்தால், உங்களால் தனியே எல்லாவற்றையும் செய்ய முடியாது. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் உங்கள் பெயருக்கு அற்றோனித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். லீசிங்கில் எடுத்த கார் என்றால் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். கார் யாரிடம் இருந்தாலும் தவணை உங்கள் தலையில்தான். காப்புறுதிக் கம்பெனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அந்தக் கார் எங்காவது விபத்தில் சிக்கினாலோ கூடாத வேலைக்குப் போனாலோ, முதலில் தேடப்படுபவர் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான்.

மூன்றாவது, பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். குடும்பத்தில் அவர் மதிக்கும் ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் என இருவர் போதும். ஊரெல்லாம் பரப்ப வேண்டாம். "உன் புருஷன் எனக்குக் காசு தர வேண்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். கடன் இருந்தால் அது வேறு கணக்கு. அதைத் தனியே பேசித் தீர்க்கலாம். இரவலாக வாங்கிய பொருளைத் தானாகவே ஈடாக்கிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. விரும்பினால் பிரதேசத்திலுள்ள மத்தியஸ்த சபைக்கும் விண்ணப்பிக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள், இரு தரப்பையும் அழைத்துப் பேசி இணக்கம் காண முயல்கின்றன.

நான்காவது, அதற்கும் மசியாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். "நீங்களே திறப்பைக் கொடுத்தீர்கள், இது களவில்லையே" என்று அங்கே சொல்லக்கூடும். அது ஓரளவு சரிதான். ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையீனமாகத் தனதாக்கிக் கொள்வது தண்டனைச் சட்டக் கோவையின் 388ஆம் பிரிவில் சொல்லப்படும் குற்றவியல் நம்பிக்கை மோசடியாகலாம். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் நீங்கள் அனுப்பிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆண் துணையோ சட்டத்தரணியோ உடன்வரப் போங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவதும், கடைசியில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடுவதும் உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகள்.

செய்யக்கூடாதவை மூன்று. கோபத்தில் "கார் களவு போய்விட்டது" என்று பொலிஸில் சொல்லாதீர்கள். அது பொய். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றமும்கூட. ஆள் அனுப்பி அடித்துப் பறிக்க நினைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கமிருக்க, குற்றவாளிக் கூண்டில் உங்கள் தம்பி நிற்க நேரிடும். கார் வந்தால் போதும் என்று வெற்றுத் தாளிலோ உரிமை மாற்றப் பத்திரத்திலோ கையொப்பம் வைத்துவிடாதீர்கள்.

இனிக் கொடுக்கும்போது என்ன செய்யலாம்? கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் ஜனாஸாவுக்கும் வாகனம் கொடுக்காத வீடு என்ன வீடு? ஆனால் பதிவுப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். "வெள்ளி பின்னேரம் கார் வரவேண்டும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கொடுக்கல் வாங்கல் சிறிதோ பெரிதோ, எழுதிக்கொள்ளச் சலிப்படைய வேண்டாம் என்று கடனைப் பற்றி அல்குர்ஆன் (2:282) கற்பிக்கும் ஒழுங்கு இரவலுக்கும் அழகானதே.

கார் என்பது நம் நாட்டில் லேசான சொத்தல்ல. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலையே எங்கோ ஏறியதை நீங்கள் அறிவீர்கள். பாலைவன வெயிலில் ஒருவர் உழைத்த வருடங்கள் அந்தக் காரில் இருக்கின்றன. அதைப் பாதுகாப்பது வீட்டிலிருக்கும் உங்கள் பொறுப்பு.

ஆகவே சகோதரிகளே, மௌனத்தைப் பொறுமை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு மென்மையான சொல்லால் முடியும் காரியம், ஆறாம் மாதத்தில் நீதிமன்றத்தாலும் இலகுவில் முடியாமல் போகலாம். நேரத்தோடு கேட்பது உங்கள் உரிமையைக் காக்கும். கேட்கப்படுபவரையும் பெரும் பாவத்தில் விழாமல் காக்கும். உறவுக்கு நீங்கள் செய்யக்கூடிய நன்மையும் அதுவே.