முனியறைக்கு யார் காவல்?

போன மாதம் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் போயிருந்தேன். 5,000 வருஷத்துக்கும் பழைய கல்லறை. 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எனக்கோ மறையூர் ஞாபகம்.

உடுமலையிலிருந்து சின்னாறு காட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்ட மறையூர். பாறை மேல் பலகைக்கற்களை நிறுத்தி, மூடுகல் வைத்த கல்திட்டைகள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை. முனிவர்கள் தவமிருந்த இடம் என்று ஊரில் 'முனியறை' என்பார்கள். இன்று பல சரிந்து கிடக்கின்றன.

என்னைக் கேட்டால், அந்த முனிவர் கதைதான் இத்தனை காலம் வேலி. கதையை மூடநம்பிக்கை என்று சிரித்தோம், சரி. பதிலுக்கு என்ன காவல் வைத்தோம்? பக்கத்திலேயே சந்தனக் காட்டுக்கு வேலி உண்டு, வாட்சர் உண்டு. சந்தனமாவது மறுபடி முளைக்கும். முனியறை முளைக்குமா, சொல்லுங்கள்?